27 சிரட்டைகளும் தலையில்லாத வாசுகியும்

பாற்கடலைக் கடைவதற்குப் பாம்பைக் கயிறாக்கினார்கள் என்பது புராணம். திருகோணமலை டச்பே கடற்கரையில் நாங்கள் கயிற்றைப் பாம்பாக்கினோம். மூன்று காலைப்பொழுதுகள், 16 மீற்றர் நைலோன் கயிறு, 27 தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு கொக்கத்தடி, இரண்டு தோல்விகள். செலவு என்று பார்த்தால் கயிறும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த உளுந்து வடையும்தான்.

தொடக்கம் பெரியம்மாவின் வட்ஸ்அப். மலையைச் சுற்றிக்கொண்டு படமெடுத்து நிற்கும் ஒரு பூதப் பாம்பின் படம் அவருக்கு வந்திருந்தது. தோல் பளபளக்கிறது, கண் எரிகிறது, பக்கத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் எறும்பளவில் நிற்கிறார். கணினி வரைந்த படம் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்தது. "தம்பி, சிவன் கழுத்தில் இருந்த வாசுகியின் எலும்பை இந்தியாவில் எடுத்துவிட்டார்களாம்" என்றார். கோணேசர் மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் அது வெறும் பெயர்தான் என்று எப்படிச் சொல்வது? அதைவிடச் சிக்கல், செய்தியில் பாதி உண்மை. எலும்பு உண்மையாகவே கிடைத்திருக்கிறது.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் பனந்த்ரோ என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. தொல்லுயிர் ஆய்வாளர் சுனில் பாஜ்பாய் 2005இல் அங்கே சில முள்ளென்புகளை, அதாவது முள்ளந்தண்டின் தனித்தனி எலும்புகளை, எடுத்தார். முதலில் அவை முதலையின் எலும்புகள் என்று எண்ணி எடுத்து வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ரூர்க்கி ஐஐடியில் தேபஜித் தத்தாவும் அவரும் அவற்றைச் சுத்தம் செய்து பார்த்தபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. 2024 ஏப்ரலில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 'வாசுகி இண்டிகஸ்' என்ற பெயரை வைத்தவர்கள் அவர்கள். சிவன் கழுத்துப் பாம்பின் நினைவாக வைத்தார்கள். வயது சுமார் 4 கோடி 70 இலட்சம் ஆண்டுகள். கிடைத்தவை 27 முள்ளென்புகள். மண்டையோடு இல்லை. நீளத்தை இன்றைய பாம்புகளின் முள்ளென்பு அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பை வைத்து இரு வழிகளில் கணக்கிட்டார்கள். ஒரு வழியில் 10.9 முதல் 12.2 மீற்றர், இன்னொரு வழியில் 14.5 முதல் 15.2 மீற்றர்.

பெரியம்மாவின் படத்தில் இந்த 27 எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கிடைத்தது எவ்வளவு, நாமாக நிரப்பியது எவ்வளவு என்று பார்த்தவுடன் தெரிகிற ஒரு படத்தை நானே செய்து இணையத்தில் போட்டால் என்ன என்று தோன்றியது. எனக்கு வரையத் தெரியாது. என்னிடம் இருப்பது நகல் எடுக்கும் சிறு கடையும், பழைய கணினியும், கமரா நன்றாக உள்ள ஒரு கைத்தொலைபேசியும். ஆனால் திருகோணமலைக்காரனுக்கு வரைபலகைக்குப் பஞ்சமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் குளம் போலக் கிடக்கும். மணலில் கீறியது மத்தியானம் வரை அழியாது. மாரியில் இந்த வேலைக்கு இறங்கியிருந்தால் பாம்பைக் கடல் கொண்டுபோயிருக்கும்.

கயிற்றில் தொடங்கினோம். தங்கையின் பிள்ளைகள் இருவர், அவர்களோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர். அளவு நாடாவைத் திண்ணையில் விரித்து, கயிற்றில் 10.9, 12.2, 14.5, 15.2 ஆகிய நான்கு இடங்களில் சிவப்புத் துணி கட்டினோம். இங்கே ஒரு பாடம்: நைலோன் கயிறு இழுத்தால் நீளும். தளர்வாகக் கிடந்தபோது போட்ட அடையாளத்தை இருவர் இருபுறமும் பிடித்து இழுத்துப் பார்த்தபோது கடைசித் துணி ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. மணலில் கயிற்றை எப்படிக் கிடத்தப்போகிறோமோ அதே தளர்வில் அளக்க வேண்டும். எல்லாத் துணிகளையும் அவிழ்த்து மறுபடி கட்டினோம்.

முதல் நாள் பாம்பை நேராகக் கிடத்தினோம். கரையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியிழைப் படகு ஒன்றை மீனவ அண்ணை ஒருவரிடம் கேட்டு அளந்தேன்: 18 அடி, அதாவது ஏறத்தாழ 5.5 மீற்றர். குறைந்த கணக்கில் வாசுகி இரண்டு படகு நீளம். கூடிய கணக்கில் மூன்று படகுக்குக் கொஞ்சம் குறைவு. "இரண்டா மூன்றா என்று தெரியாமலா பேப்பரில் போட்டார்கள்?" என்று அண்ணை கேட்டார். வலையில் சிக்கிய மீன்களில் நாலு முள்ளை மட்டும் தந்து மீனின் நீளம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, "எந்த இடத்து முள் என்று முதலில் கேட்பேன்" என்றார். ஆய்வுக் கட்டுரையைப் படிக்காமலேயே அதன் நடுச் சிக்கலைத் தொட்டுவிட்டார்.

அன்று எடுத்த படம் தோல்வி. கடற்கரையோரம் உள்ள ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஏறி நின்று எடுத்தேன். பக்கத்தில் உள்ள முனை தடித்து நீண்டு தெரிந்தது. தொலைவில் உள்ள முனை சுருங்கிவிட்டது. 10.9க்கும் 15.2க்கும் இடையில் உள்ள நாலே கால் மீற்றர், படத்தில் ஒரு விரல்கடைகூட இல்லை. நான் காட்ட நினைத்ததே அந்த இடைவெளியைத்தான். போதாததற்கு, 15 மீற்றர் நேர்கோட்டைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தால் தலைமயிர் போலத்தான் இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பியபோது அது இன்னும் நைந்து, மணலில் யாரோ தடி இழுத்த அடையாளமாகிவிட்டது.

ட்ரோன் இருந்தால் ஐந்து நிமிட வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்குப் பதிவு வேண்டும், அனுமதி வேண்டும். பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை. பாம்புக்காக அந்தப் புற்றுக்குள் கைவிட எனக்கு விருப்பமில்லை.

கொக்கத்தடி அப்படித்தான் வேலைக்கு வந்தது. மாங்காய் பறிக்கிற மூங்கில் தடி; கொக்கையைக் கழற்றிவிட்டு, நுனியில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டி பட்டியாக வெட்டிக் கைத்தொலைபேசியை அதில் கட்டினோம். கமரா நேரே கீழே பார்க்க வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டால் தானாகக் கீழே பார்க்கும் என்று முதலில் நினைத்தேன், கடற்காற்றில் ஊஞ்சலாடியது. இறுகக் கட்டுவதே நல்லது. இரண்டு விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும் செயலியைப் போட்டுவிட்டு, தடியைத் தூக்கிப் பிடித்தபடி ஓரோர் அடியாக நகர்ந்தேன். நாலரை மீற்றர் உயரத்திலிருந்து ஒரு படத்தில் ஐந்து மீற்றர் அளவுக்கு மணல் விழுகிறது. அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே இடம் வர வேண்டும். அப்போதுதான் கணினியில் ஒட்ட முடியும். ஒரு சுற்றில் நாற்பது படங்கள். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

திரைக்கு ஏற்ற வடிவத்துக்குப் பாம்பே வழி சொன்னது. வளைந்து கிடக்கும் பிராணியை நேராக இழுத்து வைப்பானேன்? கயிற்றை மூன்று வளைவாகக் கிடத்தியதும் முழு வாசுகியும் ஓர் அறையளவு இடத்தில் அடங்கியது. நீளம் கயிற்றின் வழியே அளந்தது. அதனால் வளைவு கணக்கைக் கெடுக்காது. வளைத்ததால் நீளத்தின் மலைப்புக் குறைந்துவிடும் என்பது உண்மை. அதற்கு ஒரு சின்னக் காணொளி எடுத்தோம்: வால் பக்கமிருந்து சின்ன மருமகன் கயிற்றின் மேல் கால் வைத்து நடக்கிறான், ஒவ்வொரு சிவப்புத் துணியிலும் நின்று அளவைக் கத்துகிறான்.

இப்போது சிரட்டைக்கு வருகிறேன். மிகப் பெரிய முள்ளென்பின் அகலம் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். அளந்து பார்த்தால் நம் வீட்டுச் சிரட்டையும் ஏறத்தாழ அதுதான். சம்பல் அரைத்துக் கழித்த சிரட்டைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, அளவு ஒத்த 27ஐத் தேர்ந்தோம். இரண்டாம் நாள் அவற்றைக் கயிற்றின் நடுப்பகுதியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. உடலில் ஐந்தில் ஒரு பங்கை நிறைத்தது. அந்த அழகில்தான் நான் ஏமாந்தேன்.

படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரிய மருமகள் பக்கத்தில் இருந்து பெருக்கிப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு. "மாமா, 27 சிரட்டை, ஒவ்வொன்றும் 11 சென்ரிமீற்றர். கிட்டத்தட்ட மூன்று மீற்றர் வருகிறது. ஆனால் 11 என்பது எலும்பின் அகலம் அல்லவா? நீளம் எவ்வளவு?" கட்டுரையில் தேடினேன். ஒரு முள்ளென்பின் நீளம் 3.75 முதல் 6.27 சென்ரிமீற்றர் வரை. ஐந்து என்று வைத்தால் 27க்கும் சேர்த்து 1.35 மீற்றர். கிடைத்த எலும்பை நான் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிப் பெருப்பித்திருந்தேன். பெரியம்மாவின் படத்தைக் குறை சொல்லப் புறப்பட்டவன், அதே பொய்யைச் சிரட்டையால் சொல்லியிருந்தேன். வெட்கமாக இருந்தது. வடை கூடுதலாக ஒன்று அவளுக்குத்தான் போனது.

திருத்தம் எளிது. சிரட்டைகளைக் கவிழ்க்காமல், விளிம்பை மணலில் புதைத்து நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்தது ஐந்து சென்ரிமீற்றர். அளவுகோலாக ஒரு தீப்பெட்டி. அதன் நீளம் சரியாக ஐந்து. தீப்பெட்டியை வைத்து ஒரு சிரட்டை, எடுத்து வைத்து இன்னொரு சிரட்டை. மேலிருந்து பார்த்தபோது நெருங்கி நிற்கும் அந்த வரிசை உண்மையான முள்ளந்தண்டு போலவே தெரிந்தது. மூன்று வளைவுப் பாம்பில் ஒரு வளைவின் சிறு துண்டு. மற்றதெல்லாம் வெறும் மணல். அதைப் பார்த்த நிமிடத்தில்தான் இந்த வேலை எதற்கு என்று எனக்கே முழுதாக விளங்கியது. இந்த முறையிலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது: எல்லா எலும்பும் 11 சென்ரிமீற்றர் அகலம் இல்லை, ஆறு சென்ரிமீற்றர் வரை சிறுத்தவையும் உண்டு, என் சிரட்டைகள் எல்லாம் ஒரே அளவு. 27ஐயும் ஒரே இடத்தில் தொடராக வைத்ததும் என் வசதிக்கு. இரண்டையும் படத்தின் கீழே எழுதினேன்.

அந்த இரண்டாம் நாள் படங்கள் வேறொரு காரணத்தாலும் வீணாயின. பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று மணலைப் பலகையால் இழுத்துக் கண்ணாடி போல மட்டப்படுத்தியிருந்தோம். படங்களை ஒட்டுவதற்கு நான் பயன்படுத்துவது ஹியூகின் என்ற இலவச மென்பொருள். இரண்டு படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடிப் பொருத்துவதுதான் அதன் வேலை. மட்டமான மணலில் எதைப் பிடிப்பது? ஒட்டாமல் விட்டது பாதி, தப்பாக ஒட்டியது பாதி. ஒரு வளைவு இரண்டாகப் பிளந்து, வாசுகிக்கு இரட்டை வால் முளைத்தது. இன்னொரு மூலையில் அரை மான். நகரத்துப் புள்ளிமான்கள் விடியற்காலையில் கடற்கரைக்கு வருவது வழக்கம். ஒன்று நான் நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே போயிருக்கிறது. ஒரு படத்தில் முன்பாதி, அடுத்த படத்தில் அது இல்லை.

மூன்றாம் நாள் மணலைத் தொடவில்லை. காலடி, நண்டு வளை, பாசித் துணுக்கு எல்லாம் கிடந்தபடி கிடக்கட்டும் என்று விட்டோம். போதாததற்கு ஓரங்களில் பதினைந்து சோடா மூடிகளைச் சிதறி வைத்தோம். மென்பொருளுக்கு அந்தக் குப்பை விருந்து. எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஈரமணல் ஓரத்தைப் படத்துக்குள் விடாதது நல்லதாயிற்று. அலை படத்துக்குப் படம் இடம் மாறுவதால் ஒட்டு கெட்டுவிடும். சட்டத்துக்குள் அளவு நாடாவை விரித்து வைத்தேன். ஒட்டிய படத்துக்குத் தன் அளவு தெரியாது. அந்த நாடாதான் சொல்ல வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை ஆறேகாலுக்கும் ஏழேகாலுக்கும் இடையில்தான் எடுக்க வேண்டும். சூரியன் கடலிலிருந்து தாழ்வாக அடிக்கும்போது விரல் ஆழக் கீறலிலும் நிழல் நிறைகிறது. எட்டரைக்கு அதே கீறல் கண்ணுக்குத் தெரியாது. மாலையில் எடுத்தால் கரையோர வீடுகளின் நிழல் பாம்பின் மேல் விழும். தடி பிடிப்பவன் தன் நிழலைப் பின்னால் விட்டு நடக்கப் பழக வேண்டும். எனக்கு அது கடைசி வரை சரியாக வரவில்லை, மூன்று படங்களில் கொக்கத்தடியின் நிழல் கிடக்கிறது.

பெரிய சண்டை தலைக்காக நடந்தது. பிள்ளைகளுக்கு ஐந்து தலை வேண்டும். கோவில் நாகவாகனம் அவர்கள் கண்ணில் நிற்கிறது. சரி, ஒரு தலையாவது, படம் விரித்து, நாக்கு நீட்டி. மண்டையோடு கிடைக்கவில்லை என்று சொன்னேன். "அதற்காகத் தலையில்லாமலா ஊர்ந்தது?" என்று சின்னவன் கேட்டான். கேள்வி நியாயம். தலை இருந்தது; எப்படி இருந்தது என்று காட்ட எலும்பு இல்லை. வாசுகி, மட்சோயிடே என்ற அழிந்துபோன குடும்பத்துப் பாம்பு. நாகபாம்பின் படத்தை அதற்கு ஒட்டுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கடைசியில் ஒரு சமரசம்: தலை இருக்க வேண்டிய இடத்தில் சோடா மூடிகளால் புள்ளி வட்டம், நடுவே வெறும் மணல். உடலின் தடிமனுக்கும் அதே விதி. கயிற்றின் வழியே கீறிய நடுக்கோடு ஆழமாக, இருபக்க விளிம்பு விட்டு விட்டுக் குத்திய புள்ளிகளாக. ஏனென்றால் அந்தத் தடிமன் என் ஊகம்.

அந்தத் தலையில்லாமையே படத்தை ஓட வைத்தது என்பது நான் எதிர்பாராதது. பேஸ்புக்கில் போட்டதும் முதலில் வந்த கேள்வி "தலை எங்கே?" அடுத்ததும் அதுவே. ஐந்து தலையோடு போட்டிருந்தால் கைகூப்பிவிட்டு நகர்ந்திருப்பார்கள். படத்தோடு நான் எழுதியது இவ்வளவுதான்: "வாசுகி இண்டிகஸ். குஜராத், கச்சு, பனந்த்ரோ. சுமார் 4 கோடி 70 இலட்சம் ஆண்டு. சிரட்டை நிற்கும் இடமே கிடைத்த எலும்பு, 27. நீளம் ஏறத்தாழ 1.35 மீற்றர். ஆழக் கோடு ஆய்வாளர்கள் கணித்த நீளம்; நான்கு சிவப்புத் துணிகள் அவர்களின் இரண்டு கணக்குகளின் எல்லைகள். புள்ளிக்கோடும் சிரட்டையை வைத்த இடமும் எங்கள் ஊகம். இது திருகோணமலையில் கிடைத்த பாம்பு அல்ல." கடைசி வரியைப் படம் போட்ட மறுநாள் சேர்த்தேன். அதற்குள் ஒருவர் டச்பேயில் பூதப் பாம்பு கிளம்பியதாகப் பகிர்ந்திருந்தார். இப்போது அந்த வரியைப் படத்தின் உள்ளேயே எழுதிவிடுகிறேன். படத்தை எடுப்பவர்கள் எழுத்தை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். படத்தின் கோப்பை ஒரு மெகாபைட்டுக்குள் சுருக்கினேன், டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்களே இங்கே அதிகம்.

எங்கள் ஊரில் கிடைக்காதா என்று பலர் கேட்டார்கள். கோணேசர் மலையைத் தோண்டிப் பயனில்லை. அந்தப் பாறை பூமியின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. இலங்கையின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது அத்தகைய பழம்பாறைதான். உயிர்ச்சுவடு வேண்டுமானால் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் பார்க்க வேண்டும், கடலுக்கு அடியில் படிந்தது; கிணறு வெட்டிய கல்லிலேயே சிப்பியின் அச்சு இருக்கும். அல்லது இரத்தினபுரி. மாணிக்கம் தோண்டும் சரளை மண்ணில் நீர்யானையும் காண்டாமிருகமும் எலும்பாகக் கிடைத்திருக்கின்றன. புறாமலைக்குப் போகிறவர்கள் பவளத்துண்டு பொறுக்கி வந்து எனக்குக் காட்ட வேண்டாம். அது தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

பெரியம்மாவிடம் மூன்றாம் நாள் படத்தைக் காட்டினேன். சிரட்டை வரிசையை விரலால் தொட்டு, "இவ்வளவுதானா கிடைத்தது?" என்றார். ஆமாம் என்றேன். "அதை வைத்து இவ்வளவு நீளம் சொன்னார்களா?" ஆமாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கெட்டிக்காரர்கள்தான்" என்றார். பிறகு அந்தப் பூதப் பாம்புப் படத்தையும் இதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் கோவில் குழுவுக்கு அனுப்பினார். இரண்டையுமே அனுப்பினாரே என்று எனக்குச் சின்னக் குறை.

அடுத்தது இரத்தினபுரிப் பக்கத்தில் வாழ்ந்து அழிந்துபோன சிங்கம். 1939இல் தொல்லுயிர் ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்துப் பெயரிட்டது. மொத்தம் இரண்டு பற்கள். ஒரு முழுச் சிங்கத்தை மணலில் புள்ளியால் குத்த எத்தனை காலை வேண்டும் என்று மருமகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கயிறு தேவைப்படாது என்று தெரிந்ததும் தங்கை அதைக் கொல்லையில் கொடியாகக் கட்டிவிட்டாள். 12.2இன் சிவப்புத் துணி இன்னும் அதில் தொங்குகிறது.